மார்கழியிலேயே அணைக்கிற தீ

மாசி மாதத்து மதியம். உன் காவல் எல்லையான பீட்டில் பாதித் தூரம் நடந்துவிட்டு ஓடைக்கரைப் பாறை நிழலில் உட்கார்ந்திருக்கிறாய். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகும்போது சட்டைப் பையில் செல்போன் அதிர்கிறது. டேராடூனில் இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி. உன் பீட்டுக்குள் தீ. 800 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள், 375 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்துக்குள் சூடு எழுந்ததைக் கண்டுபிடித்து, அட்சரேகை தீர்க்கரேகையோடு உனக்குச் சொல்லிவிட்டது. நிமிர்ந்து பார்க்கிறாய். எதிர் மலையின் தோளில் புகை. ஏறிப் போக இரண்டு மணி நேரம் ஆகும். உன்னோடு இருப்பவர்கள் இரண்டே தீக்காவலர்கள். கையில் ஓர் அரிவாள். அடித்து அணைக்கப் பச்சைத் தழையை வழியில்தான் ஒடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நிமிடத்தில் உன் மனசு என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். "வனத்துறையில் கடைசிப் படியில் நிற்கிற கார்டு நான். எனக்கு மேலே வனவர், ரேஞ்சர், மாவட்ட வன அலுவலர் என்று எத்தனை படி! பணம் அவர்கள் கையில், ஜீப் அவர்கள் கையில், உத்தரவு அவர்கள் கையில். இத்தனை பெரிய மலையில் என்னால் என்ன ஆகும்?"

தம்பி, தங்கையே, அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன்னால் ஆகும். அந்த மாசி மதியத்துக்கு இரண்டு மாதம் முன்னால், மார்கழிப் பனியில், உன்னால் மட்டும்தான் ஆகும். எதிர் மலைப் புகை உன்னிடம் கேட்கிற கணக்கு அந்த இரண்டு மாதத்தின் கணக்கு.

செயற்கைக்கோளுக்குப் பிறந்த தீ மட்டும்தான் தெரியும். எந்தச் சரிவில் புல் ஆளுயரம் நிற்கிறது, எந்த ஊர்ப் பெண்கள் எந்தத் தடத்தில் விறகுக்குப் போகிறார்கள், தேன் எடுக்கிறவர் எந்தப் பாறையடியில் புகை போடுகிறார், எந்த வளைவில் வெளியூர் வண்டிக்காரர்கள் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள், புதுப்புல் முளைக்கட்டும் என்று யார் எந்த வாரத்தில் தீக்குச்சி கிழிப்பார் என்பதெல்லாம் எந்த வானத்திலிருந்தும் தெரியாது. தினமும் நடக்கிற காலுக்குத் தெரியும். உனக்கு மேலே இருக்கிற அத்தனை படிகளும் உன் காலைத்தான் நம்பியிருக்கின்றன. இதை நீ நம்பாவிட்டால் வேறு யாரும் நம்ப வைக்க முடியாது.

காக்கி போட்ட உனக்கு மட்டும் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறவர், மலையடிவார ஊராட்சித் தலைவர், ஏலக்காட்டுக்குச் சொந்தக்காரர் என்று ஒரு துண்டு நிலத்தின் பொறுப்பைக் கையில் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தப் பேச்சு பொருந்தும்.

குரங்கணியைத் தாண்டிக்கொண்டு இதைப் பேச முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம், போடி மலை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி மலையேற்றக் குழுக்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன. சென்னையிலிருந்து ஒரு கூட்டம், ஈரோடு திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு கூட்டம். அவர்களில் பெண்கள் அதிகம். காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ அவர்களை வளைத்தது. அன்று மலையிலும், அடுத்து வந்த நாட்களில் மருத்துவமனைகளிலுமாக 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. கமாண்டோ வீரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், சேதி கேட்டதும் ஏறி ஓடியவர்கள் அந்த வட்டாரத்து மக்கள்.

இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படி. ஆபத்து வந்த நேரத்தில் முதலில் வந்து நிற்பவர்கள் ஊர்க்காரர்கள். எப்போதும் அப்படித்தான். அப்படியானால் உன் வேலையின் முதல் பாதி அந்த ஊர்க்காரர்களைத் தயார்செய்வது. மறு பாதி அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது.

சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். சுடர் சாய்ந்து, மேலே இருக்கிற புல்லை எரிவதற்கு முன்பே வறுத்து வைத்துவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்கு ஆகும் என்பது தீயணைப்பவர்களின் பழைய கணக்கு. ஏற்றத்தில் மனிதனின் கால் வேகம் குறையும். நெருப்பின் வேகம் கூடும். தீயைக் கண்டால் மேலே ஓடாதே, எரிந்து முடிந்த கருந்தரைக்கோ வெறும் பாறைக்கோ ஓடைக்கோ போ என்பது மலையில் ஆடு மேய்த்து வளர்ந்தவருக்குப் பாடம் நடத்தாமலே தெரியும். அந்த அறிவு மலைக்கு வருகிற ஒவ்வொருவரின் முன்னாலும் நடக்க வேண்டும். குரங்கணிக்குப் பிறகு 2018இலேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024இல் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மலையோர இளைஞர்களும் பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். இது சரியான திசை. உன் பீட்டில் அப்படியொரு பையனோ பெண்ணோ வழிகாட்டியாக இருந்தால், அவரை டிக்கெட் கிழிக்கிற ஆளாகப் பார்க்காதே. உனக்குக் கிடைத்திருக்கிற இன்னொரு ஜோடிக் கண் அது.

இப்போது ஒரு கசப்பான சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். ஊரும் காட்டுத்துறையும் ஒருவரையொருவர் ஏன் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள் என்பது புரியாமல் உன்னால் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது.

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிற சட்டம் அதுதான். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றமானது. சட்டம் எழுதியவர்களுக்குத் தீ என்றால் மர நஷ்டம். இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் டீட்ரிக் பிராண்டிஸ் ஜெர்மானியர்; பின்னால் அமெரிக்க வனத்துறையைக் கட்டிய கிஃபோர்டு பின்சோட் அவரிடம் பாடம் கேட்டவர். எல்லாத் தீயும் எதிரி என்ற எண்ணம் இப்படி இரண்டு கண்டங்களிலும் வேரூன்றியது. காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சோளகர்கள் சொல்லியிருப்பார்கள். ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலம், பர்கூர் மலைகளிலும், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையிலும் வாழ்கிற மக்கள் அவர்கள். பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்கள் ஒரு தீயைத் 'தரகு பெங்கி' என்பார்கள். தரகு என்றால் சருகு. கோடை தொடங்கும் முன், பனிஈரம் தரையில் இருக்கும்போதே, சருகை மட்டும் மேலாக எரித்துவிட்டு அணைந்துபோகிற தீ. அந்தத் தீ மரத்தை ஏறாது. உதிர்ந்த சருகு போய்விடும். கோடையில் பெருந்தீ பிடிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. நெல்லி மரத்தை உறிஞ்சுகிற புல்லுருவியும் அந்தத் தீயால் கட்டுக்குள் இருந்தது என்பது அவர்கள் கணிப்பு. 1970களில் அந்தக் காடு சரணாலயமானது. தரகு பெங்கி நின்றது. உண்ணிச்செடி ஆளை மறைக்கும் உயரத்துக்குப் புதராய் ஏறியது. 2011இல் அந்த மக்களின் சமூக வன உரிமை ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி உரிமை கிடைத்தது அதுவே முதல் முறை.

இதைச் சொல்வதால், நாளைக்கே போய்க் காட்டுக்குத் தீ வை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. சட்டம் சட்டம்தான். தவிரவும் எல்லாக் காடும் ஒன்றல்ல. சோலைக்காட்டுக்குத் தீ ஆகவே ஆகாது. ஒருமுறை எரிந்த சோலை மீள ஒரு மனித ஆயுள் போதாது. புல்வெளியின் கணக்கு வேறு, இலையுதிர் காட்டின் கணக்கு வேறு. எந்தக் காடு எந்தத் தீயைத் தாங்கும் என்று சொல்கிற அறிவு ஊருக்குள் இருக்கிறது. அதை எழுதி, சோதித்து, மேலே கொண்டுபோய், முறைப்படி அனுமதி பெற்றுத் தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீயாக இரு.

காட்டைப் பிடுங்கிக்கொண்டால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதைக் குமாவுன் மலை காட்டிவிட்டது. இன்றைய உத்தராகண்டில் இருக்கிற அந்த மலைக்காடுகளை 1911க்கும் 1917க்கும் இடையில் வெள்ளைக்கார அரசு வளைத்துக் காப்புக்காடாக்கியது. மேய்ச்சலுக்குத் தடை, தழைக்குத் தடை. 1921 கோடையில் மலை மலையாகத் தீ எழுந்தது. மக்கள் வைத்த தீ. ஆனால் எதை எரித்தார்கள் தெரியுமா? அரசு பிசின் எடுத்துக் காசு பார்த்த பைன் காடுகளை. தங்கள் மாட்டுக்குத் தழையும் வீட்டுக்கு ஊற்றுநீரும் தந்த ஓக் காடுகளை அவர்கள் தொடவில்லை. தன்னுடையது என்று நினைத்த காட்டை யாரும் எரிக்கவில்லை! அரசு குறைகேட்கும் குழு போட்டது. 1931இல் ஊரே தன் காட்டை ஆள்கிற வனப் பஞ்சாயத்துகளுக்கு விதி எழுதப்பட்டது.

அதே குமாவுனில், அல்மோரா மாவட்டத்துச் சீத்லாகேத் வட்டாரத்தில், நம் காலத்தில் நடப்பதைக் கேள். வயல் வரப்புப் புதரையும் அறுவடைக் கழிவையும் குவித்து எரிப்பது அங்கே பழைய வழக்கம். அந்தத் தீ காற்றில் காட்டுக்குத் தாவும். எரிக்காதே என்று மிரட்டிப் பார்த்தால் ராத்திரியில் எரிப்பார்கள். அங்கே ஊரார் ஒரு தேதி வைத்துக்கொண்டார்கள். எரிப்பதையெல்லாம் மார்ச் 31க்குள், காடு முழுக்கக் காய்வதற்கு முன், கூடி நின்று எரித்து முடித்துவிடுவது. ஏப்ரல் 1ஆம் தேதியை அதற்கான தினமாகவே கொண்டாடுகிறார்கள். முன்னால் நிற்பவர்கள் பெண்கள். மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு தேதி, ஓர் ஒப்பந்தம், காவலுக்கு நிற்கிற அக்கம்பக்கம். வழக்கத்தை ஒழிக்காமல் அதன் நாளை மாற்றினார்கள்.

உன் ஊரில் அந்தத் தேதி எது? யோசித்துப் பார். நீலகிரியில் மார்கழி, தை உறைபனி புல்லைக் கருக்கிவிடும். அடிவாரத்தில் தை கழிந்தால் இலை உதிரும். ஆகையால் உன் நாள்காட்டி ஐப்பசி மழையிலேயே தொடங்குகிறது. மழை நன்றாகப் பெய்த வருஷம் என்று நீ நிம்மதி அடைந்தால் ஏமாந்துபோவாய். நல்ல மழை என்றால் நிறையப் புல். நிறையப் புல் என்றால் மாசியில் நிறைய விறகு. தீக்குச் சூடு வேண்டும், காற்று வேண்டும், எரிபொருள் வேண்டும். சூரியனை உன்னால் தணிக்க முடியாது. காற்றை நிறுத்த முடியாது. எரிபொருளைக் குறைக்க முடியும். அந்த மூன்றில் ஒன்று உன் கையில் இருக்கிறது என்பதே உன் பலம். ஒரு காலை உடைத்தால் முக்காலி நிற்காது.

தீத்தடுப்புக் கோடு வெட்டுவது உனக்குத் தெரிந்த வேலைதான். வழக்கமாக என்ன நடக்கிறது? போன வருஷத்து வரைபடத்தை எடுத்துப் போன வருஷத்துக் கோட்டையே சுத்தம் செய்கிறோம். இந்த மார்கழியில் ஒன்று செய். கோடு வெட்டுவதற்கு முன், ஊரில் மாடு மேய்க்கிற பெரியவரையும் விறகுக்குப் போகிற அக்காவையும் அழைத்துக்கொண்டு அந்தக் கோட்டை நடந்து பார். எந்த இடத்தில் காற்று திரும்பும், எந்த இடத்தில் தீ கோட்டைத் தாண்டியிருக்கிறது, எந்த ஓடையில் மாசியிலும் தண்ணீர் நிற்கும் என்று அவர்கள் காட்டுவார்கள். அவர்கள் கை காட்டிய இடத்தில் கோடு விழுந்தால் அது அவர்கள் கோடு. அதில் சருகு விழுந்து கிடப்பதைப் பார்த்தால் நீ சொல்லாமலே காலால் தள்ளிவிட்டுப் போவார்கள்.

கூலி விஷயத்தில் கறாராக இரு. தீக்காவலராக வேலை பார்த்தவரின் பங்குனிக் கூலி ஆடியில் கைக்கு வந்தால், அடுத்த மாசியில் உன் பின்னால் தழை ஒடிக்க யார் வருவார்? வருகைப் பதிவேட்டை அன்றன்றைக்கு எழுது. பில்லை மேலே அனுப்பிவிட்டேன் என்று உட்கார்ந்துவிடாதே; அது பாஸ் ஆகிற வரைக்கும் கதவைத் தட்டு. ஏழைக்காகக் கதவு தட்டுகிற கை தாழ்ந்த கை இல்லை. பத்துப் பிரசுரங்கள் தராத நம்பிக்கையை நேரத்துக்கு வந்த ஒரு கூலி தரும்.

வீடுகளுக்கு வா. இது நம் ஊரில் போதிய அளவு பேசப்படாத பகுதி. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் ஜாக் கோஹன் வாழ்நாளெல்லாம் ஒரே கேள்வியைத் துரத்தினார்: காட்டுத் தீயில் வீடு எப்படிப் பற்றுகிறது? 1990களின் கடைசியில் கனடாவின் வடக்கே ஒரு காட்டுக்கு வேண்டுமென்றே தீ மூட்டி, மர உச்சி வரை எரியவிட்டு, பக்கத்தில் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். 10 மீட்டர் தூரத்தில் நின்ற சுவர்களில் சில பற்றின. 20, 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. அத்தனை பெரிய நெருப்புச் சுவர், 30 மீட்டர் தள்ளி நின்ற ஒரு பலகையைப் பற்றவைக்கவில்லை! பிறகு வீடுகள் ஏன் எரிகின்றன? பறந்து வருகிற தணலால். கூரை மடிப்பில் கிடக்கிற சருகில் ஒரு தணல் விழுகிறது. சுவரோடு சுவராக அடுக்கிய விறகில் ஒன்று விழுகிறது. 2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரைத் தீ விழுங்கியது. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. சாம்பலாகிக் கிடந்த வீடுகளுக்கு நடுவில் பல மரங்கள் பச்சையாகவே நின்றன.

இதன் பொருள் என்ன? வீடு பிழைப்பதும் எரிவதும் வீட்டைச் சுற்றியுள்ள சில அடி மண்ணில் தீர்மானமாகிறது. சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது என்று அங்கே இப்போது சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் மலையூருக்கு இதை மொழிபெயர்ப்பது உன் வேலை. வைக்கோல் போரைக் கூரையிலிருந்து தள்ளிப் போடச் சொல். ஓடு என்றாலும் தகரம் என்றாலும் இடுக்கில் சேர்ந்த சருகைத் தை மாதத்திலேயே ஒருமுறை தட்டிவிடச் சொல். விறகைச் சுவரில் சாய்க்காமல் முற்றத்துக்கு வெளியே அடுக்கச் சொல். புகை வந்தால் முதல் வேலையாக மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட யார் பொறுப்பு என்று வீட்டுக்கு ஒருவரைப் பெயர் சொல்லி வைக்கச் சொல். நடக்க முடியாத பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார், அவரைத் தூக்கிக்கொண்டு போகிற இரண்டு பேர் யார் என்று எழுதி வை. இதற்கு நிதி வேண்டாம், டெண்டர் வேண்டாம், மேலிடத்து உத்தரவு வேண்டாம். ஒரு சனிக்கிழமை போதும். நீ ஒரு வீட்டு முற்றத்தில் விளக்குமாற்றைக் கையில் எடு, ஊரே எடுக்கும்.

எரிகிற பொருளைக் காசாக்கவும் வழி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூந்தோட்ட அழகுக்கென்று நம் நாட்டுக்குள் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று மேற்குமலைக் காடுகளின் அடித்தளத்தையே மூடிக்கிடக்கிறது. தரையில் ஓடுகிற சின்னத் தீயை மர உச்சிக்கு ஏற்றிவிடுகிற ஏணி அது. கூடலூர்ப் பகுதியில் பெட்டகுரும்பர், பணியர், காட்டுநாயக்கர் மக்கள் இந்தத் தண்டை வெட்டி, வேகவைத்து, வளைத்து, ஆளுயர யானைகளையும் அதைவிடப் பெரிய யானைகளையும் செய்தார்கள். அந்த யானைக் கூட்டம் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றது. பிறகு அமெரிக்காவுக்கும் போனது. பெருந்தீக்குத் தீனியாகக் கிடந்த களை அந்தக் கைகளில் கலையானது. உன் மலையில் யானைதான் செய்ய வேண்டும் என்பதில்லை. நாற்காலி செய்யலாம், கூடை முடையலாம், கரி செய்யலாம். வெட்டி எடுக்க முறையான அனுமதியும், எடுத்ததை விற்க ஒரு சந்தையும் அமைத்துக் கொடு. ஒரு குடும்பம் உண்ணிச்செடியால் அடுப்பெரித்தால் அந்தச் சரிவில் அவ்வளவு எரிபொருள் குறைந்தது.

இத்தனையும் செய்தும் தீ வரும். தவறும் நடக்கும். அப்போது நீ யார் என்பதை ஊர் பார்க்கும். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வனத்துறை தானே திட்டமிட்டு மூட்டிய தீ, காற்றில் கைநழுவியது. ஜனவரியில் குவியலாக எரித்து அணைந்துவிட்டதாக நினைத்த இன்னொரு தீ, பனிக்கடியில் உறங்கிக் கிடந்து எழுந்து வந்தது. இரண்டும் சேர்ந்து 3,40,000 ஏக்கருக்கு மேல் எரித்தன. அந்த மாநிலத்தின் பதிவிலேயே மிகப் பெரிய தீ. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களின் வீடுகள் போயின. இரண்டு தீயும் தன் கையிலிருந்து புறப்பட்டவை என்பதை வனத்துறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதன் அன்றைய தலைவர் ராண்டி மூர், நாடெங்கும் திட்டத் தீ மூட்டுவதை 90 நாட்களுக்கு நிறுத்தி முறைகளை மறுபரிசீலனை செய்யவைத்தார். இழந்தவர்களின் கோபம் அதனால் தீர்ந்துவிடாது. தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் உண்மையைச் சொல்லாத துறைக்கு அடுத்த முறை பேசவே வாய் இருக்காது. நீ எரித்த கோட்டிலிருந்து தீ தாவினால், அன்று மாலையே ஊருக்கு நடுவில் போய் நின்று, "எங்கள் கையால் நடந்தது, இப்படி நடந்தது" என்று சொல். கால் நடுங்கும். நடுங்கினாலும் சொல். மலையேறுவதைவிடப் பெரிய தைரியம் அதற்கு வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது.

தைரியத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 2024 ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்துப் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனப் பணியாளர்கள் நான்கு பேர் அங்கேயே உயிரிழந்தார்கள். தீக்காயத்தோடு பிழைத்தவர்களிலும் பிறகு இறந்தவர்கள் உண்டு. அவர்களும் உன்னைப் போலக் கடைசிப் படியில் நின்றவர்கள். நெருப்புக்கு நேரே நெஞ்சைக் காட்டி நிற்பதை யாராவது உன்னிடம் வீரம் என்று புகழ்ந்தால் அந்தப் புகழ்ச்சியை வாங்காதே. உன் அம்மாவுக்கு நீ வேண்டும். தீக்குப் போகும்போது பருத்திச் சட்டை போடு. நைலான் உருகித் தோலோடு ஒட்டும். உயரத்தில் நின்று காற்றைப் பார்த்துச் சொல்ல ஒருவரை நிறுத்து. திரும்பி ஓட இரண்டு வழி தெரியாமல் சரிவில் இறங்காதே. ஓடிப்போய் நிற்க ஓர் எரிந்த தரையையோ பாறையையோ முதலிலேயே எல்லோருக்கும் கை காட்டி வை. இந்த நான்கும் இல்லையென்றால், மேலே இருந்து யார் விரட்டினாலும், "ஆளை அனுப்ப மாட்டேன், ஐயா" என்று சொல். அதைச் சொல்கிற உரிமை உன் காக்கிக்கு உண்டு.

மனம் சோர்ந்து போகிற நாளில் ஆஸ்திரேலியாவின் வடக்கே, மேற்கு ஆர்னம் லேண்ட் பீடபூமியில் நடந்ததை நினைத்துக்கொள். அங்குள்ள பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வறட்சிப் பருவத்தின் தொடக்கத்தில் சின்னச் சின்னத் தீயாகத் தங்கள் நிலத்தை எரித்துவந்தவர்கள். 20ஆம் நூற்றாண்டில் அவர்கள் மிஷன்களுக்கும் குடியிருப்புகளுக்கும் போய்ச் சேர, நிலம் ஆளில்லாமல் கிடந்தது. வறட்சிப் பருவத்தின் முடிவில் அடங்காத பெருந்தீ ஆண்டுதோறும் ஓடியது. பார்டாயல் நாஜமெரெக் என்ற முதியவர், பாறை ஓவியம் தீட்டுகிற தலைமுறையின் கடைசிப் பிள்ளைகளில் ஒருவர், தன் நிலத்துக்குத் திரும்பினார். மற்ற மூத்தவர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து நின்றார்கள். 2006இல் ஏறக்குறைய 28,000 சதுர கிலோமீட்டரில் பூர்வகுடி ரேஞ்சர்கள் பருவத் தொடக்கத் தீயை மறுபடி கையில் எடுத்தார்கள். பெருந்தீ குறைந்தது, அதனால் குறைந்த பசுங்குடில் வாயுக்களுக்கு டார்வின் நகரத்து எரிவாயு ஆலை ஆண்டுதோறும் பணம் கட்டியது. அந்தப் பணத்தில் இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். ஒரு கிழவரின் ஞாபகத்திலிருந்து தொடங்கியது அது!

நம்மிடம் சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமை பெற்ற மக்களுக்கும் கிராம சபைக்கும் காட்டையும் காட்டுயிரையும் காக்கிற அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. உன் சரகத்தில் கிராம வனக்குழு பெயரளவில் ஒன்று இருக்கும். அதன் நோட்டை எடு. கடைசிக் கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது என்று பார். வெட்கமாக இருந்தால் நல்லது. அந்த வெட்கத்தோடு அடுத்த கூட்டத்துக்குத் தேதி எழுது. அதிகாரத்தைப் பகிர்ந்தால் உன் மதிப்புக் குறையும் என்று பயப்படாதே. அன்று நீ 2 பேருடன் மலை ஏறினாய். ஊர் உன்னோடு இருந்தால் 200 பேர்.

ஒன்றை மட்டும் மாற்றிக்கொள். தீ பிடித்த பிறகு ஊருக்குள் போய் நாம் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யார் வைத்தது?" அந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் நாற்பது வாய்கள் மூடிக்கொள்ளும். அதன் பிறகு அந்த ஊரிலிருந்து உனக்கு ஒரு போன்கூட வராது. புகையை முதலில் பார்த்தவர்கூட மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஆகையால் மார்கழியில் போ. விடியற்காலையில், பனி இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போ. ஊர் மூப்பர் வீட்டு வாசலில் நாலு சுள்ளியைக் கூட்டி மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருப்பார். அந்தச் சின்னத் தீயின் பக்கத்தில், அவர் உட்கார்ந்திருக்கிற அதே தரையில், சம்மணம் போட்டு உட்கார். டீ கொடுத்தால் குடி. அவசரப்படாதே. பிறகு கேள்: "அய்யா, இந்த வருஷம் தீ எந்தப் பக்கமிருந்து வரும்னு நினைக்கிறீங்க?"

முதலில் உன் முகத்தைப் பார்ப்பார். பிறகு ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலை ஒதுக்கிவிட்டு, தரையில் மலையின் முதுகைக் கோடாக இழுக்க ஆரம்பிப்பார். நோட்டைத் திற.